நடுங்கும் கைகளும் மூளையின் நெருப்பும்



நமது மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.

ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். தங்கள் சபையின் மூப்பர் ஒருவர் நடுக்குவாதத்தினால் அவதிப்படுவதைக் கண்டு மனம் உருகி, அதே நோயுள்ள ஏழை நோயாளிகளுக்கென்று ஒரு தொகை சேர்த்திருக்கிறார்கள். மூளையைப் புதுப்பிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் "ஆன்ட்டி ஆக்ஸிடென்ட்" மாத்திரைகளை அதைக்கொண்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். அன்பிலிருந்து பிறந்த கேள்வி இது. இதே கேள்வி வேறு சபைகளிலும் இருக்கக்கூடும். ஆகவே நமது மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை எல்லாருக்கும் பயன்படும்படி இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

நடுக்குவாதம் என்பது என்ன?

1817-ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதனால் இதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர். சும்மா இருக்கும்போது கை நடுங்கும். கை கால்கள் விறைக்கும். நடை தளர்ந்து, காலடிகள் குறுகிவிடும். கையெழுத்துச் சிறுத்துப்போகும். பாடகர் குழுவில் கணீரென்று பாடியவரின் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேளாதபடி தாழ்ந்துவிடும். ஆராதனையில் எல்லாரும் எழுந்து பாடத் தொடங்கி முதல் சரணம் முடியும்போதுதான் அவர் எழுந்து நிற்பார். முகத்தில் சிரிப்போ துக்கமோ தெரியாது. அதைப் பார்ப்பவர்கள், "இவருக்கு நம்மேல் பிரியம் இல்லை, பக்தியும் குறைந்துவிட்டது" என்று தவறாக எண்ணுகிறார்கள். உள்ளே அன்பும் விசுவாசமும் அப்படியே இருக்கின்றன. அவற்றை வெளியே காட்டும் தசைகள்தான் கீழ்ப்படிய மறுக்கின்றன.

மூளையின் நடுப்பாகத்தில் கருமை நிறமுள்ள ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பு அணுக்கள் "டோபமின்" என்ற பொருளை உண்டாக்கி, அசைவைச் சீர்படுத்தும் செய்தியை மூளையின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. நடுக்குவாதத்தில் இந்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும் காலத்தில் ஏறக்குறைய பாதி அணுக்கள் போய்விட்டிருக்கும். ஏன் இந்த அணுக்கள் மடிகின்றன?

அடுப்பும் தீப்பொறியும்

நமது மூளையின் எடை சரீர எடையில் சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போதுகூட, சரீரம் செலவிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அந்தச் சிறு உறுப்பு எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய அடுப்புகள் பல உண்டு. நாம் உண்ணும் உணவையும் சுவாசிக்கும் பிராணவாயுவையும் கொண்டு அங்கே சக்தி உண்டாகிறது.

எந்த அடுப்பிலும் தீப்பொறி பறக்கத்தான் செய்யும். இந்த நுண்ணிய அடுப்புகளிலிருந்தும் பிராணவாயுவின் சில முரட்டு வடிவங்கள் வெளிப்படுகின்றன. சூப்பர் ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்பவை அவற்றில் முக்கியமானவை. இவை அளவுக்கு மீறினால் அணுவிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் கெடுக்கும். நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வருவது சமையலறையில் எல்லாரும் அறிந்ததுதானே. அதுவும் பிராணவாயு கொழுப்பைக் கெடுப்பதால் வருவதுதான். மூளையில் எளிதில் கெடக்கூடிய கொழுப்பு மிகுதி. ஆகவே அங்கே ஆபத்தும் மிகுதி. முரட்டு வடிவங்கள் பெருகி, அவற்றை அடக்கும் ஏற்பாடு போதாமற்போகும் நிலையைத்தான் மருத்துவர்கள் "ஆக்சிஜனேற்ற அழுத்தம்" என்கிறார்கள்.

சிருஷ்டிகர் இந்தத் தீப்பொறிகளை அணைக்கும் ஏற்பாட்டையும் அணுவுக்குள்ளேயே வைத்திருக்கிறார். 1969-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற இருவர், சூப்பர் ஆக்ஸைடை அடக்கும் ஒரு நொதியைக் கண்டறிந்தார்கள். குளுட்டாதயோன் என்ற பொருளும் இதே காவல் வேலையைச் செய்கிறது.

டோபமின் உண்டாக்கும் அணுக்களின் நிலைமையோ மற்ற அணுக்களைவிடக் கடினமானது. ஒவ்வொரு அணுவும் லட்சக்கணக்கான இணைப்புகளைப் பராமரிக்கவேண்டியிருக்கிறது. ஆகவே அதன் அடுப்புகள் ஓய்வின்றி எரிகின்றன. டோபமின் சிதையும்போதும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. அந்தக் கரும்பகுதியில் இரும்புச் சத்தும் அதிகம். இரும்பும் பெராக்ஸைடும் சந்தித்தால் இன்னும் கொடிய ஒரு வடிவம் பிறக்கிறது. வைக்கோல் போரின் பக்கத்தில் அடுப்பு மூட்டியது போன்ற நிலை இது.

கலிபோர்னியாவில் நடந்தது

இது வெறும் ஊகமல்ல என்று காட்டிய சம்பவம் 1982-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் நடந்தது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், சில நாட்களுக்குள் சிலைகளைப்போல் உறைந்துபோனார்கள். அவர்களுக்கு நினைவு இருந்தது. பேசவும் அசையவும் முடியவில்லை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். அந்தப் போதை மருந்தில் எம்.பி.டி.பி. என்ற விஷம் தவறுதலாக உண்டாகிக் கலந்திருந்ததை அறிந்து, 1983-இல் அதை வெளியிட்டார்கள்.

இந்த விஷம் மூளைக்குள் உருமாறி, டோபமின் அணுக்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்டிரியாவின் சக்தி உண்டாகும் வரிசையில் முதல் கட்டத்தையே அடைத்துவிடுகிறது. புகைபோக்கி அடைபட்ட அடுப்பு எப்படியோ, அப்படி உணவு வேகாமல் புகையும் பொறியும் மட்டும் பெருகுகின்றன. 1989-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், சாதாரண நடுக்குவாதத்தினால் இறந்தவர்களின் மூளையிலும் இதே முதல் கட்டம் பழுதுபட்டிருப்பதைக் கண்டார்கள்.

விவசாயக் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியும், ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியும் இதே போன்ற தீங்கைச் செய்யக்கூடியவை. இவற்றைக் கையாண்ட விவசாயிகளுக்கு நடுக்குவாதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டதாக 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. பாராகுவாட்டைக் குடித்துவிட்டால் அதை முறிக்கும் மருந்தே இல்லை என்பதும் நம் மக்கள் அறியவேண்டியது.

பொறி பேசும் மொழி

இதுவரை சொன்னதைக் கேட்டால், "அப்படியானால் தீப்பொறிகளையெல்லாம் அணைத்துவிடலாமே" என்று தோன்றும். அந்த மாத்திரைகளை விற்பவர்கள் சொல்வதும் இதுதான். ஆனால் தேவன் சரீரத்தை அமைத்த விதம் அதைவிட ஆழமானது. இந்தப் பொறிகள் அழிவு மட்டும் செய்வதில்லை. அளவோடு இருக்கும்போது, அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியாகவும் இருக்கின்றன.

நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்த முரட்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும்படி சொல்லும் தூதன் அதுவே. இதைக் கண்டறிந்த ஃபுர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சூப்பர் ஆக்ஸைடை வேண்டுமென்றே உண்டாக்கித்தான் கிருமிகளைக் கொல்லுகின்றன.

நம் கிராமத்து ஆலய மணியை நினைத்துப் பாருங்கள். முதல் மணி, இரண்டாம் மணி என்று ஆராதனைக்கு அழைக்கும். துக்க மணி அடித்தால் ஊரார் வேலையை விட்டுவிட்டு வந்து கூடுவார்கள். அதே மணி இரவும் பகலும் ஓயாமல் அடித்தால் யாரும் தூங்க முடியாது, எது அழைப்பு என்றும் தெரியாது. அதற்காக மணியின் நாக்கைக் கட்டிவிட்டால், வீடு தீப்பற்றினாலும் யாரும் ஓடிவரமாட்டார்கள்.

அணுவுக்குள்ளும் இப்படி ஒரு மணி இருக்கிறது. என்.ஆர்.எஃப்-2 என்ற தூதனைக் கீப்-1 என்ற காவல்காரன் சாதாரண நாட்களில் பிடித்து வைத்திருக்கிறான். பொறிகள் கொஞ்சம் கூடினால் அவை காவல்காரனைத் தொடுகின்றன. அவன் பிடி தளருகிறது. தூதன் அணுவின் மையத்துக்குச் சென்று, குளுட்டாதயோன் முதலிய காவல் பொருட்களை அதிகமாக உண்டாக்கும்படி அறிவிக்கிறான். ஜப்பானில் யமமோட்டோ என்பவரின் ஆய்வுக்கூடத்தார் 1999-இல் இந்தக் காவல்காரனை இனங்கண்டார்கள். ஆபத்தின் அடையாளமே பாதுகாப்புக்கு அழைப்பாகிறது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. பழுதான மைட்டோகாண்டிரியாவைப் பிங்க்-1 என்ற புரதம் அடையாளம் காட்டும். பார்க்கின் என்ற புரதம் வந்து அதன்மேல் குறியிடும். குறியிடப்பட்டதை அணு அகற்றிவிடும். கீறல் விட்ட பானையைக் குடும்பத்தலைவி தனியே எடுத்து வைப்பதுபோல இது நடக்கிறது. பார்க்கின் மரபணு 1998-இலும், நடுக்குவாதத்தில் பிங்க்-1 மரபணுவின் பங்கு 2004-இலும் கண்டறியப்பட்டன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இவற்றின் பழுதான படிகளைப் பெற்றவர்களுக்கு நடுக்குவாதம் இளவயதிலேயே வருகிறது. பழுதான அடுப்புகள் அகற்றப்படாமல் தேங்கினால், அவை மேலும் பொறிகளைக் கக்கி, பக்கத்து அடுப்புகளையும் கெடுக்கின்றன.

ஆக, நடுக்குவாதம் என்பது பொறி இருப்பதனால் வரும் நோயல்ல. பொறி, செய்தி, காவல், துப்புரவு என்ற இந்த ஒழுங்கு குலைந்துபோவதே அதில் நடக்கிறது.

மாத்திரைகள் ஏன் பலிக்கவில்லை?

வைட்டமின் ஈ ஒரு நல்ல ஆன்ட்டி ஆக்ஸிடென்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், நடுக்குவாதத்தின் ஆரம்ப நிலையிலிருந்த 800 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 2000 அலகு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். அதனால் நோயின் வேகம் சிறிதும் குறையவில்லை என்று 1993-இல் முடிவு வெளியானது. அடுத்து, கோ-என்ஸைம் கியூ10 என்ற பொருளை 600 பேரிடம் சோதித்தார்கள். பலன் வரும் நம்பிக்கையில்லை என்று அது இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2014-இல் அறிக்கை வந்தது.

2009-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் தெளிவைத் தருகிறது. இளைஞர்களை நான்கு வாரங்கள் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப்பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரை உண்ணாதவர்களுக்குப் பயிற்சியினால் இன்சுலின் நன்றாக வேலைசெய்யத் தொடங்கியது. மாத்திரை உண்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. பயிற்சியினால் எழும் பொறிகள்தான் சரீரத்தைப் பலப்படுத்தும் செய்தியாக இருந்தன. மாத்திரைகள் மணியின் நாக்கைக் கட்டிவிட்டன.

கீரை, காய், கனிகளை உண்பதில் இந்தச் சங்கடம் இல்லை. அவற்றைத் தாராளமாக உண்ணுங்கள். ஆனால் புட்டியிலும் டப்பாவிலும் வரும் மாத்திரையும் மாவும் மடிந்த அணுவை எழுப்பும் என்று நம்பிப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வார்டில் ஒரு விவசாயி சேர்க்கப்பட்டார். மரக்கட்டைபோல் விறைத்து, காய்ச்சலோடு தூக்கி வரப்பட்டார். அவர் வீட்டார் பசுவை விற்று, மூளைக்கு நல்லதென்று யாரோ சொன்ன விலையுயர்ந்த மாவை வாங்கியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் சேர்த்துப் பணம் இல்லாததால், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கர்த்தருடைய கிருபையால் அவர் பிழைத்தார். மாத்திரையைத் திரும்பக் கொடுத்த சில நாட்களில் தானே ஸ்பூனைப் பிடித்துக் கஞ்சி குடித்தார். அவர் மனைவி என்னிடம், "ஐயரே, மாடு போனாலும் போகுது. இவரு கையால சாப்பிடுறதைப் பார்த்தாச்சு" என்றார்கள். மாடும் போயிருக்கவேண்டியதில்லை என்பதே என் துக்கம்.

எது உதவுகிறது?

முதலாவது, லெவோடோபா என்ற மருந்து. இது மூளைக்குள் சென்று டோபமினாக மாறி, குறைவை நிரப்புகிறது. 1937-இல் நமது சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. நடுக்குவாதத்திற்கு அது மருந்தாகும் என்பது அப்போது உலகத்துக்குத் தெரியாது. 1960-களில்தான் அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. விதையில் மருந்தின் அளவு கூடும், குறையும். ஆகவே பூனைக்காலிப் பொடியை டாக்டருக்குத் தெரியாமல் உண்ணக்கூடாது. மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் சேர்ந்திருப்பதால், லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் மூளையைச் சேர்கிறது.

லெவோடோபா டோபமினாக மாறுவதால், அதுவே பொறிகளைப் பெருக்கி மிச்சமுள்ள அணுக்களையும் கொன்றுவிடுமோ என்ற பயம் ஒரு காலத்தில் இருந்தது. அதனால் நோயாளிகள் தவித்தாலும் மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். 2019-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு வெளியானது. 445 பேரில் ஒரு பிரிவினர் உடனே மருந்து தொடங்கினார்கள், மற்றவர்கள் 40 வாரங்கள் கழித்துத் தொடங்கினார்கள். 80 வாரங்களின் முடிவில் இரு பிரிவினருக்கும் நோயின் நிலை ஒன்றாகவே இருந்தது. மருந்து நோயை வளர்க்கவில்லை. தேவைப்படும்போது மருந்தைப் பயப்படாமல் தொடங்கலாம். பருப்பு, இறைச்சி போன்ற புரத உணவு இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக உண்ணும்படி டாக்டர்கள் சொல்லுகிறார்கள்.

இரண்டாவது, உடற்பயிற்சி. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆரம்ப நிலை நோயாளிகள் 128 பேர் பங்குபெற்றார்கள். டாக்டரின் கண்காணிப்பில் வாரம் மூன்று நாட்கள் வேகமாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, ஆறு மாதங்களில் அசைவுகள் அதிகமாகத் தளரவில்லை. தாளத்தோடு நடந்தால் தயங்கும் கால் அடியெடுத்து வைக்கிறது. எங்கள் பிசியோதெரபி அறையில் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டு நடக்கிறவர்களை நீங்கள் வந்து பார்க்கலாம். சத்தமாகப் பாடுவதும் வேதம் வாசிப்பதும் தாழ்ந்துபோன குரலுக்குப் பயிற்சி.

மூன்றாவது, துணை. தனியே விடப்பட்டவர் மாத்திரையை மறப்பார், நடக்க அஞ்சுவார், விழுவார். இங்கே சபையார் செய்யக்கூடியது மிக அதிகம்.

உங்கள் காணிக்கை

பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு நாங்கள் எழுதிய பதில் இதுதான்: நீங்கள் சேர்த்த தொகையை அந்த மாத்திரைகளுக்கு வேண்டாம், இரண்டு தேவைகளுக்கு அனுப்புங்கள். ஒன்று, ஏழை நோயாளிகளுக்கு லெவோடோபா மருந்து. இது ஒரு மாத மருந்தல்ல, ஆயுள் முழுவதும் வேண்டியது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அதுவே பெரும் பாரம். இரண்டாவது, பிசியோதெரபி அறையில் நோயாளிகள் பிடித்து நடப்பதற்கான இரட்டைக் கம்பிகள். அவர்கள் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். "இந்தக் கம்பியைப் பிடித்து நடக்கிறவர்களைப் பார்க்க வருவோம்" என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பணம் அனுப்ப இயலாதவர்களும் செய்யக்கூடியது உண்டு. உங்கள் சபையில் நடுக்குவாதம் உள்ளவர் இருந்தால், மருந்து நன்றாக வேலைசெய்யும் வேளையைக் கேட்டறிந்து போய்ச் சந்தியுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். முகத்தைப் பார்த்து மனதைத் தீர்மானிக்காதீர்கள். ஆலயத்தில் அவர் எழுந்து நிற்கும்வரை பக்கத்தில் இருப்பவர் கை கொடுங்கள். மாலையில் ஒரு தெருவாவது கூட நடந்து செல்லுங்கள்.

எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்துக்கொண்டபோது, தேவன் உடனே அவரோடு பேசவில்லை. முதலில் தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டியெழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். இரண்டாம் முறையும் அப்படியே செய்தான். அதற்குப் பின்புதான் நெடும்பயணம் தொடங்கிற்று. தேவனுடைய கவனிப்பு ஏற்ற வேளையில் தட்டியெழுப்புவதும் வேளாவேளைக்குக் கொடுப்பதுமாய் இருந்தது. எங்கள் வார்டில் மாத்திரை நேரத்தில் நர்ஸம்மா ஒரு முதியவரின் தோளைத் தட்டி எழுப்பும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூதனின் நினைவு வரும். அந்தக் கையில் இருக்கும் மாத்திரை நீங்கள் அனுப்பியது.

ஜெபக் குறிப்புகள்

1. நடுக்குவாதத்தினால் அவதிப்படும் நோயாளிகளுக்காகவும், அவர்களை இரவும் பகலும் கவனிக்கும் வீட்டாருக்காகவும்.

2. நமது மருந்து நிதி குறைவுபடாமலிருக்க.

3. வயல்களில் விஷ மருந்து தெளிக்கும் ஏழைத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக.

4. இந்நோயைத் தடுக்கும் வழியைத் தேடி உழைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஞானமும் பொறுமையும் அருளப்பட.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்